இருதய உறைக்குள் சீழ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடந்த மாரியில் என் தம்பி இந்த வருத்தத்தோடு ஐந்து கிழமைக்கு மேல் ஆஸ்பத்திரியில் கிடந்தான். வயது 38. திருகோணமலைத் திருக்கடலூரில் வள்ளங்களின் இஞ்சின் திருத்துவது அவன் தொழில். வீட்டுக்கு வந்த நாளிலிருந்து சொந்தக்காரர், அயலார், வாட்டில் பக்கத்துக் கட்டிலில் இருந்தவர்களின் வீட்டார் என்று எல்லோரும் ஒரே கேள்விகளையே கேட்கிறார்கள். போனில் சொல்லிச் சொல்லி வாய் ஓய்ந்துபோனதால் எழுதி வைக்கிறேன். நான் டொக்டர் இல்லை. வாட்டில் டொக்டர்மார் சொன்னவற்றைக் கொப்பியில் குறித்துக்கொண்டு, பிறகு தேடி வாசித்து, விளங்காததைக் கிளினிக்கில் திரும்பவும் கேட்டு எழுதியது இது. உங்கள் வீட்டு நோயாளியைப் பார்க்கிற டொக்டர் வேறு மாதிரிச் சொன்னால் அவர் சொல்வதைக் கேளுங்கள்.

இது என்ன வருத்தம்?

இருதயத்தைச் சுற்றி இரண்டு படையுள்ள ஒரு மெல்லிய உறை இருக்கிறது. ஆங்கில மருத்துவத்தில் அதைப் பெரிகார்டியம் என்பார்கள். அந்த இரண்டு படைகளுக்கும் நடுவில் எல்லோருக்குமே கொஞ்சம் நீர் உண்டு, 15 முதல் 50 மில்லிலீற்றர் வரை. இருதயம் துடிக்கும்போது உரசாமல் வழுக்கிக்கொடுப்பதற்கு அந்த நீர். உறையில் அழற்சி வந்தால் பெரிகார்டைட்டிஸ். அது பெரும்பாலும் வைரஸால் வருவது, மருந்தோடும் ஓய்வோடும் ஆறிப்போவது. பக்டீரியா உள்ளே புகுந்து நீரைச் சீழாக்கிவிட்டால்தான் நான் இங்கே எழுதுகிற வருத்தம். அன்டிபயோட்டிக் வந்த பிறகு இது மிகவும் அரிதாகிவிட்டது. பெரிகார்டைட்டிஸ் வந்த நூறு பேரை எடுத்தால் அதில் ஒருவருக்கு இருக்கலாம், அந்த ஒருவரும் இல்லாமல் இருக்கலாம்.

அப்படியென்றால் இது மாரடைப்பா? ஹார்ட் அட்டாக் என்றுதானே ஊரில் கதைத்தார்கள்?

இல்லை. மாரடைப்பில் இருதயத்துக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாய் அடைபடுகிறது. இங்கே குழாயில் பிழை இல்லை, வால்வில் பிழை இல்லை, இருதயத் தசையும் அநேகமாக நல்லாகவே இருக்கும். சுற்றியிருக்கும் பைக்குள் சீழ் நிரம்பி இருதயத்தை நெரிக்கிறது, அவ்வளவுதான். என்றாலும் "ஹார்ட்டில வருத்தம்" என்று ஒரு சொல் காதில் விழுந்தால் நம்முடைய ஆட்கள் அடுத்த நிமிடமே எண்ணெய், தேங்காய்ப்பால், கொலஸ்ட்ரோல் என்று தொடங்கிவிடுவார்கள். தம்பியைப் பார்க்க வந்த ஒரு மாமி கட்டிலுக்குப் பக்கத்திலேயே நின்று, அவன் சாப்பிட்ட இறால் கணக்கு முழுவதையும் சொல்லி முடித்தா.

நெஞ்சு நோ இருந்ததா?

இருக்கவில்லை. என்னிடம் ஆகக் கூடுதலாகக் கேட்கப்படுவதும், நாங்கள் ஏமாந்த இடமும் இதுதான்.

வைரஸால் வரும் பெரிகார்டைட்டிஸில் நெஞ்சில் குத்துகிற மாதிரி நோ வரும். படுத்தால் கூடும், எழும்பி முன்னால் குனிந்தால் குறையும். சீழ் கட்டுகிற வகையில் பலருக்கு இந்த நோ வருவதே இல்லை. கடும் காய்ச்சல், குளிர் நடுக்கம், இளைப்பு, வேகமான நாடித்துடிப்பு இவ்வளவுதான் தெரியும். நியூமோனியாவிலும் இவை எல்லாம் வரும் என்பதால் ஒன்று மற்றதை மறைத்துவிடுகிறது.

தம்பிக்கு முதலில் இருமலும் காய்ச்சலும். பிறகு மாடிப்படி ஏறினால் இளைப்பு. ஒன்பதாம் நாள் ஒரு கிளினிக்கில் காட்டினோம். முட்டு என்று சொல்லி நெபுலைசர் பிடித்து அனுப்பினார்கள். பதினோராம் நாள் இரவு தண்ணீர் குடிக்க எழும்பிய நான் கண்டதை எப்படி எழுதுவது? குசினி மேசையில் இரண்டு தலையணையை அடுக்கி, அதன்மேல் முகத்தைக் கவிழ்த்து, பிளாஸ்டிக் கதிரையில் இருந்தபடி நித்திரை கொள்கிறான். "ஏன்டா இங்க படுத்திருக்கிறாய்?" என்று கேட்டேன். "மல்லாந்து படுத்தா ஆரோ நெஞ்சில ஏறி இருக்கிற மாதிரிக் கிடக்கு அக்கா. நோகேல்லை. மூச்சுத்தான் வருதில்லை" என்றான். மூன்று இரவாக அப்படித்தான் படுத்தானாம். நோகவில்லை என்பதால் ஒருவரிடமும் சொல்லவில்லை.

அடுத்த நாள் விடியப்புறம் பெரியாஸ்பத்திரியில் இருந்த இளம் டொக்டர் முதலில் கேட்ட கேள்வியே, "எத்தனை தலையணை வைத்துப் படுக்கிறீங்கள்?"

கிருமி அங்கே எப்படிப் போய்ச் சேர்ந்தது?

அநேகமாகப் பக்கத்து வீட்டிலிருந்துதான். நுரையீரலும் இருதய உறையும் ஒன்றோடொன்று ஒட்டியபடி இருப்பவை. நியூமோனியா முற்றி நுரையீரலைச் சுற்றிச் சீழ் கட்டினால் அது இந்த உறைக்குள்ளும் இறங்கலாம். உடம்பில் வேறெங்காவது இருக்கும் கிருமி, தோலில் வந்த கட்டியில் இருந்தோ எலும்பில் இருந்தோ, இரத்தத்தோடு வந்து தங்குவதும் உண்டு. நெஞ்சில் சத்திரசிகிச்சை நடந்த பிறகு, நெஞ்சில் குத்துக்காயம் பட்ட பிறகு, மீன்முள்ளோ வேறேதாவதோ உணவுக்குழாயைத் துளைத்த பிறகு, ஈரலின் இடப்பக்கத்தில் வந்த அமீபாக் கட்டி மேல்நோக்கி உடைந்த பிறகு என்றும் பதிவுகள் இருக்கின்றன. தம்பிக்கு இடப்பக்க நுரையீரலில் நியூமோனியா. அங்கேயிருந்துதான் போயிருக்கிறது.

நீரிழிவு கட்டுப்பாட்டில் இல்லாதவர்கள், சிறுநீரகம் பழுதானவர்கள், கூடக் குடிப்பவர்கள், எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து பாவிப்பவர்கள் ஆகியோருக்கு வாய்ப்புக் கூட. தம்பிக்குச் சீனி வருத்தம் இருந்தது ஆஸ்பத்திரிக்குப் போகும்வரை எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது, அவன் உட்பட.

என்ன கிருமி? அவன் வயலுக்குப் போனதால் வந்தது என்கிறார்களே?

உலகத்தில் வழமையாக அகப்படுபவை ஸ்டஃபைலோகொக்கஸ் ஓரியஸ், நியூமோகொக்கஸ் போன்றவை. நம்முடைய நாட்டில் வேறு இரண்டு பெயர்களையும் டொக்டர்மார் மனதில் வைத்திருப்பார்கள்.

ஒன்று காசநோய். காசநோய் பரவலாக உள்ள நாடுகளில் இருதய உறையில் நீர் கட்டுவதற்கு அதுவே முக்கிய காரணம். அது சீழைப் போல ஒரு கிழமையில் அடிக்காது. கிழமைக்கணக்கில், மாதக்கணக்கில் மெல்ல மெல்ல நீர் சேரும், உடம்பு மெலியும், பின்னேரத்தில் காய்ச்சல் காயும், இரவில் வேர்க்கும்.

மற்றது மெலியோய்டோசிஸ். வாயில் நுழையாத பெயர்தான், ஆனால் வயலும் மழையும் உள்ள இடத்தில் இருப்பவர்கள் தெரிந்திருக்க வேண்டிய பெயர். இதன் கிருமி சேற்றிலும் தேங்கிய நீரிலும் வாழ்வது. 1912-இல் ரங்கூனில் அல்பிரட் விட்மோர் என்ற மருத்துவர் இதைப் பற்றி முதலில் எழுதினார். இலங்கையில் முதல் நோயாளி 1927-இல் பதிவானார். பிறகு நெடுங்காலம் ஒருவரும் பெரிதாகத் தேடவில்லை. கடந்த சில பத்தாண்டுகளில் தேடத் தொடங்கிய பிறகே, இந்த நாட்டு மண்ணிலேயே இது இருக்கிறது, கிழக்கிலும் இருக்கிறது என்று தெரியவந்தது. காலில் உள்ள கீறலால் புகும், மழைக்காலத்தில் மூச்சோடும் போகும். நீரிழிவுக்காரரைத்தான் கூடுதலாகப் பிடிக்கும். நுரையீரல், ஈரல், மண்ணீரல் என்று எங்கும் கட்டி போடும், அரிதாக இருதய உறையிலும். நியூமோனியாவுக்கு வழமையாகக் கொடுக்கும் பல மருந்துகள் இதற்குக் கேளாது. செஃப்டாசிடிம் அல்லது மெரோபெனெம் ஊசியை இரண்டு கிழமையாவது ஏற்றி, அதற்குப் பிறகு மூன்று மாதம் அல்லது அதற்கு மேல் கோ-ட்ரைமொக்சசோல் குளிசை.

பெரும்போக விதைப்புக்குத் தம்பி தம்பலகாமத்தில் மாமனாரின் வயலில் பத்து நாள் நின்றவன். வாட்டில் அதைச் சொன்னவுடனேயே டொக்டரின் பேனை நின்றது. "காலில காயம் இருந்ததா? செருப்புப் போட்டனீங்களா?" என்று துருவித் துருவிக் கேட்டார். உங்கள் வீட்டு ஆளுக்குக் காய்ச்சல் என்று போகும்போது வயல், குளம், சேறு, வெள்ளம் என்று எதில் கால் வைத்திருந்தாலும் அதை நீங்களாகவே சொல்லுங்கள். கேட்கட்டும் என்று இருக்காதீர்கள்.

கடைசியில் அவனுக்கு எந்தக் கிருமி?

தெரியவில்லை. அதற்குக் காரணம் நான்.

மூன்றாம் நாள் காய்ச்சலில் அவன் முனகிக்கொண்டு கிடந்தபோது, அலுமாரியில் என் மகளின் தொண்டை நோவுக்கு வாங்கி மிச்சமிருந்த அமொக்சிசிலின் ஏழு இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். இரண்டு நாள் காய்ச்சல் விட்டது. எனக்குப் பெரிய பெருமை. முடிந்ததும் காய்ச்சல் திரும்பி வந்தது. பிறகு பாமசியில் சீட்டில்லாமல் இன்னும் ஆறு வாங்கிக் கொடுத்தேன்.

பிறகு வாட்டில் விளங்கப்படுத்தியபோதுதான் நான் செய்தது என்னவென்று தெரிந்தது. அரைகுறையாகக் கொடுத்த மருந்து கிருமியைக் கொல்லவில்லை, ஒளித்துவைத்துவிட்டது. காய்ச்சல் கொஞ்சம் அடங்கியதால் நாங்கள் ஆஸ்பத்திரிக்குப் பிந்திப் போனோம். போன பிறகு இரத்தத்திலும் சீழிலும் கல்ச்சர், அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை, வைத்தார்கள், ஒன்றும் வளரவில்லை. என்ன கிருமி என்று தெரிந்திருந்தால் அதற்கேற்ற ஒரு மருந்தோடு முடித்திருக்கலாம். தெரியாததால் எல்லாவற்றுக்கும் சேர்த்து மருந்து ஏற்றவேண்டி வந்தது. காசமா, மெலியோய்டோசிஸா என்ற சந்தேகமும் சோதனைகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வரும்வரை எங்கள் தலைக்கு மேல் தொங்கியது. காசநோய்க் கிருமிக்கு ஜீன்எக்ஸ்பேட் என்ற சோதனை சில மணித்தியாலத்தில் பதில் சொல்லிவிடும், ஆனால் கல்ச்சர் வளர ஆறு முதல் எட்டுக் கிழமை வரை எடுக்கும். கடைசியில் இரண்டுமே இல்லை என்றார்கள். நியூமோனியாக் கிருமிகளில் ஒன்றாகத்தான் இருக்கும் என்று கோப்பில் எழுதி மூடினார்கள்.

அன்டிபயோட்டிக் ஏதாவது கொடுத்திருந்தால், எவ்வளவு வெட்கமாக இருந்தாலும், பெட்டியையே கொண்டுபோய்க் காட்டுங்கள். நான் முதல் நாள் சொல்லவில்லை. இரண்டாம் நாள்தான் சொன்னேன்.

சீழ் கட்டினால் ஏன் உடனே உயிருக்கு ஆபத்து?

உறை இழுபடும், ஆனால் மெல்லத்தான் இழுபடும். மாதக்கணக்கில் மெதுவாகச் சேர்ந்தால் ஒரு லீற்றருக்கு மேலும் தாங்கும். நாட்கணக்கில் வேகமாகச் சேர்ந்தால் 200 மில்லிலீற்றரே போதும், ஒரு தேத்தண்ணிக் கோப்பை அளவு. உறை இடம் கொடாது. இருதயம் விரிந்து இரத்தத்தை வாங்க முடியாது, வாங்காததை வெளியே தள்ளவும் முடியாது. பிரஷர் விழும், கழுத்து நரம்பு புடைக்கும், ஸ்டெதஸ்கோப்பில் இருதயச் சத்தம் தூரத்தில் கேட்பது போல இருக்கும். இந்த மூன்றையும் சேர்த்து அமெரிக்க சத்திரசிகிச்சை நிபுணர் குளோட் பெக் 1935-இல் விவரித்தார். இன்றும் அவர் பெயரால்தான் சொல்கிறார்கள்.

தம்பிக்குப் பிரஷர் பார்த்த டொக்டர் காற்றை மிக மெதுவாக, ஊசி ஊசியாக இறக்கிக்கொண்டு, அவன் மூச்சு இழுப்பதையும் விடுவதையும் கவனித்துக்கொண்டே இருந்தார். நாலைந்து நிமிடம் போயிருக்கும். மெஷின் பழுதோ என்று நான் நினைத்தேன். மூச்சை உள்ளே இழுக்கும்போது மேல் பிரஷர் 10 புள்ளிக்கு மேல் இறங்குகிறதா என்று பார்த்தாராம். இறங்கினால் இருதயம் நெரிபடுகிறது என்று அர்த்தம்.

என்னென்ன சோதனைகள்?

எக்ஸ்ரேயில் இருதயத்தின் நிழல் மண்குடம் மாதிரி அகன்று, அடி பெருத்துத் தெரிந்தது. ஈசிஜியில் கோடுகள் குட்டையாக இருந்தன. உறுதிப்படுத்தியது எக்கோ, ஒலியலையால் இருதயத்தைப் படம் பிடிக்கும் சோதனை. நோகாது, கதிர் இல்லை, நெஞ்சில் குளிர்ந்த ஜெல்லைப் பூசி ஒரு கருவியை வைத்துப் பார்ப்பார்கள். இருதயம் திரைக்குள் நீந்துவதை நானும் எட்டிப் பார்த்தேன். இரத்தச் சோதனை, சீனி, சிறுநீரகம் எல்லாம் பார்ப்பார்கள். சில வேளை சி.டி. ஸ்கேனும்.

நெஞ்சில் ஊசி குத்தி எடுப்பார்களாமே. இருதயத்தில் படாதா?

பயப்படுகிற மாதிரித்தான் இருக்கும். நானும் வாட்டு வாசலில் பிள்ளையாரைக் கூப்பிட்டபடி நின்றேன். ஆனால் இது புதிய வித்தை இல்லை. வியன்னாவில் பிரான்ஸ் ஷூ என்ற சத்திரசிகிச்சை மருத்துவர் 1840-இலேயே செய்திருக்கிறார், அப்போது எக்கோவும் இல்லை, எக்ஸ்ரேயும் இல்லை. இப்போது எக்கோவில் பார்த்துக்கொண்டே, நெஞ்செலும்பின் கீழ்நுனிக்குக் கீழாலோ விலா இடுக்காலோ, சீழ் ஆகத் தடிப்பாக நிற்கும் இடத்தில் குத்துகிறார்கள். மரப்பு ஊசி போட்ட பிறகுதான். ஆபத்தே இல்லை என்று சொல்லமாட்டேன். குத்தாமல் விடுவதன் ஆபத்து அதைவிடப் பல மடங்கு.

வந்தது பருப்பு அவித்த தண்ணீர் மாதிரி, தடிப்பாக, கொஞ்சம் பச்சை கலந்த மஞ்சளாக. முதல் சிரிஞ்ச் நிறைந்ததும் டொக்டர் அதை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்து ஒன்றும் பேசாமல் தாதி மிஸ்ஸியிடம் கொடுத்தார். அன்று 400 மில்லிலீற்றருக்கு மேல் எடுத்தார்கள். பாதி எடுக்கும்போதே தம்பியின் உதட்டு நிறம் திரும்பியது என்று மிஸ்ஸி வெளியே வந்து சொன்னா.

ஊசியால் எடுத்தாகிவிட்டதே, பிறகு ஏன் கொழும்புக்கு அனுப்பினார்கள்?

சாதாரண நீர் என்றால் ஊசியோடு முடியலாம். சீழ் தடிப்பானது, அறை அறையாகப் பிரிந்து நிற்கும், சவ்வுபோல் ஒட்டும், ஊசிக்குழாயை அடைக்கும். அதனால் நெஞ்செலும்புக்குக் கீழே சிறிதாக வெட்டி, உறையைத் திறந்து கழுவி, தடித்த குழாய் வைக்கவேண்டி வரும். ஒட்டிக்கிடப்பதைக் கரைக்க உறைக்குள்ளேயே மருந்து விடும் முறையும் இருக்கிறது. நெஞ்சறைச் சத்திரசிகிச்சைக் குழு எல்லா மாவட்டத்திலும் இருக்காது. முதலில் ஊசியால் நெரிவை இறக்கி, ஆளைப் பயணத்துக்குத் தாங்கும் நிலைக்குக் கொண்டுவந்து, பிறகு அனுப்புவார்கள்.

கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் வழியாகச் சுமார் 260 கிலோமீற்றர். அம்புலன்ஸில் ஒருவருக்குத்தான் இடம் தந்தார்கள். மச்சாள் ஏறினா, நான் இரவு பஸ்ஸில் பின்னால் போனேன். கூடப் போகிறவர்கள் அடையாள அட்டை, கிளினிக் கொப்பி, பாவித்த மருந்துகள், போன் சார்ஜர், ஒரு சாரம், ஒரு போத்தல் சுடுதண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். மொழி தெரியாத வாட்டாக இருக்கலாம். மருந்துப் பெயர்களை ஒரு தாளில் ஆங்கிலத்தில் எழுதி வைத்திருந்தது எங்களுக்குப் பெரிய உதவி.

மருந்து எத்தனை நாள்?

நரம்பால் ஏற்றுகிற அன்டிபயோட்டிக் அநேகமாக நாலு கிழமை அளவில். காய்ச்சல் விட்டு, இரத்தச் சோதனைகள் இறங்கி, எக்கோவில் சீழ் இல்லாமல் போகும்வரை. ஐந்தாம் நாளே "இப்ப நல்லாயிருக்கு, துண்டு வெட்டித் தாங்கோ" என்று தம்பி அடம்பிடித்தான். துண்டு வெட்டி வீட்டுக்கு விடவில்லை.

காசநோய் என்றால் கணக்கு வேறு. முதல் இரண்டு மாதம் நாலு மருந்து, பிறகு நாலு மாதம் இரண்டு மருந்து, மொத்தம் ஆறு மாதம். அரசாங்க மார்புநோய்ச் சிகிச்சை நிலையங்களில் இலவசமாகவே கிடைக்கும்.

தொற்றுமா? பிள்ளைகளைப் பக்கத்தில் விடலாமா?

உறைக்குள் இருக்கும் சீழ் பக்கத்தில் இருப்பவருக்குத் தொற்றாது. விடலாம். காசநோய் நுரையீரலிலும் இருந்து இருமினால் மட்டும் கவனம் வேண்டும், அப்போது வீட்டில் உள்ளவர்களையும் சோதிப்பார்கள்.

சின்னப் பிள்ளைகளுக்கும் வருமா? (கிண்ணியாவிலிருந்து ஒரு தாய் கேட்டது)

வரும், அரிதாக. முன்பு பிள்ளைகளில் ஹீமோஃபிலஸ் இன்ஃபுளுவென்சா பி என்ற கிருமி ஒரு முக்கிய காரணம். அதற்கெதிரான தடுப்பூசி 2008-இல் அறிமுகமானது, நம்முடைய நாட்டில் 2, 4, 6 மாதங்களில் போடும் ஐந்து-ஒன்று ஊசியில் சேர்ந்தே இருக்கிறது. மருத்துவ மாது தரும் அட்டையில் அந்த மூன்றும் நிரம்பியிருக்கிறதா என்று பாருங்கள்.

எங்கட வாப்பாவுக்கும் கால் வீங்கி மூச்சு வாங்குது. வீட்டில இருக்கிற தண்ணிக் குளிசையக் குடுக்கலாமா? (இதுவும் கிண்ணியா, வேறு ஒரு ராத்தா)

தயவுசெய்து கொடுக்காதீர்கள். இருதயம் பலவீனமாகி நீர் கட்டினவருக்கு, சிறுநீரைக் கூட்டி உடம்பு நீரை இறக்கும் அந்தக் குளிசை உதவும். இருதயம் நெரிபட்டுக் கிடப்பவருக்கு அது கேடு செய்யும், ஏனென்றால் உடம்பில் நீர் குறைந்தால் ஏற்கெனவே நிரம்பாமல் தவிக்கும் இருதயம் இன்னும் வெறுமையாகும், பிரஷர் விழுந்துவிடும். வெளியே பார்த்தால் இரண்டுக்கும் அறிகுறி ஒன்றுதான். பிரித்துச் சொல்ல எக்கோ வேண்டும். அன்று பின்னேரமே அவ வாப்பாவைக் கூட்டிக்கொண்டு போனா. அவருக்கு வேறு வருத்தம், ஆனால் போனது சரி.

பத்தியம் ஏதும்?

ஒன்றும் இல்லை. சீனிக்கு உள்ள கட்டுப்பாடுதான். உடம்பு தேறப் புரதம் வேண்டும் என்று மீன், முட்டை, பருப்பு கொடுக்கச் சொன்னார்கள். மாமியிடம் இறால் பற்றியும் சொல்லிவிட்டேன்.

எந்தக் கட்டத்தில் 1990 அம்புலன்ஸுக்கு அடிக்க வேண்டும்?

காய்ச்சலோடு, அல்லது நியூமோனியாவுக்குப் பிறகு, ஆள் மல்லாந்து படுக்க முடியாமல் இருந்து நித்திரை கொள்கிறார் என்றாலே அன்றைக்கே ஆஸ்பத்திரி. கை கால் குளிர்ந்து வேர்க்கிறது, தலை சுற்றுகிறது, எழும்பினால் விழப் பார்க்கிறார், கழுத்து நரம்பு இருந்தபடியே புடைத்துத் தெரிகிறது, கதை தடுமாறுகிறது என்றால் விடியட்டும் என்று பார்க்கவே கூடாது. 1990 சுவசெரிய அம்புலன்ஸுக்குக் காசு இல்லை. வரும்வரை ஆளைப் படுக்க வைக்காதீர்கள், அவர் எப்படி இருக்க விரும்புகிறாரோ அப்படியே முன்னால் சாய்ந்து இருக்கட்டும். நாங்கள் பதற்றத்தில் ஓட்டோவின் பின்சீற்றில் தம்பியைக் கிடத்தப் பார்த்தோம். அவன் எங்களைத் தள்ளிவிட்டு டிரைவரின் முதுகில் நெற்றியை வைத்துக்கொண்டு வந்தான்.

பிழைப்பார்களா? உண்மையைச் சொல்லுங்கள்.

சிகிச்சை இல்லாவிட்டால் ஏறத்தாழ ஒருவரும் பிழைப்பதில்லை. பழைய கணக்குகளில் சிகிச்சை பெற்றவர்களிலும் நூற்றுக்கு 40 பேர் அளவில் இறந்திருக்கிறார்கள், பெரும்பாலும் பிந்திக் கண்டுபிடித்ததால். சீழை முழுதாக வெளியேற்றி, சரியான மருந்தும் கொடுத்தால் 85 வீதமானோர் உயிர் தப்பி நல்லாக வாழ்கிறார்கள் என்று ஐரோப்பிய இதயவியல் சங்கத்தின் 2015 வழிகாட்டி சொல்கிறது. எந்தப் பக்கத்தில் நிற்கிறோம் என்பதில் நாட்கள் பெரிய பங்கு வகிக்கின்றன. நாங்கள் பன்னிரண்டாம் நாள் போனோம்.

திரும்பவும் வருமா?

அதே சீழ் திரும்பக் கட்டுவதைவிட, ஆறிய உறை தடித்துச் சுருங்குவதைத்தான் டொக்டர்மார் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். மெல்லிய பையாக இருந்தது காய்ந்த தோல் மாதிரி இறுகினால் இருதயம் மறுபடி விரிய முடியாது. காசநோயிலும் சீழிலும் இது மற்ற வகைகளைவிடக் கூட. மாதங்கள் கழித்துக் கால் வீங்கும், வயிற்றில் நீர் சேரும், களைப்பு வரும். ஈரல் வருத்தம் என்று நினைத்து அலைந்தவர்களும் உண்டு. முற்றிவிட்டால் அந்த உறையையே உரித்து எடுக்கும் பெரிய சத்திரசிகிச்சை. ஆகவே நல்லாகிவிட்டது என்று எக்கோ கிளினிக்கை விடாதீர்கள். பழைய டிஸ்சார்ஜ் அட்டையைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வையுங்கள்.

வேலைக்குப் போகலாமா? கோணேசர் கோயிலுக்கு ஏறலாமா?

மூன்று மாதம் பாரம் தூக்க வேண்டாம் என்றார்கள். இஞ்சின் தூக்குகிறவனுக்கு அது பெரிய தண்டனை. இப்போது கடையில் இருந்து கார்புரேட்டர் கழுவுகிறான், தூக்குவதற்கு மச்சானின் மகன் நிற்கிறான்.

கோயிலுக்கு நேர்த்தி இருந்ததால் போன மாதம் கூட்டிக்கொண்டு போனோம். ஓட்டோவில் மேலே வரை போகலாம் என்று சொன்னேன், நடக்கத்தான் வேண்டும் என்றான். கோட்டை வாசலால் உள்ளே போய், மான்கள் மேய்கிற இடத்தில் ஒரு தரம் நின்றான், வாழைப்பழத் தோல் போடவேண்டுமாம். கொஞ்சம் மேலே போய் இன்னொரு மானைக் கண்டு திரும்பவும் நின்றான். மூன்றாம் தரம் நின்ற இடத்தில் மானே இல்லை. கையில் தோலை வைத்துக்கொண்டு கடலைப் பார்த்தபடி மூச்சு வாங்கினான். நான் ஒன்றும் கேட்கவில்லை, கொப்பியில் மட்டும் குறித்துக்கொண்டேன். அடுத்த எக்கோ இந்த மாதம் கடைசிக் கிழமை.